டெர்பிக்கு முன் குதிரைகளை எடைபோடுவது எப்படி: நிபந்தனை முதல் டிக்கெட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமா, திறனா என்ற வழக்கு நம்முடைய ஊரிலிருந்துதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. தமிழ்நாடு அரசு 1974-ஆம் ஆண்டு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதையொட்டி எழுந்த வழக்கில் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குதிரையின் இயல்பான ஆற்றல், அதற்குக் கிடைத்த பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவற்றை ஆராய்ந்து மதிப்பிடும் வேலை இதில் மேலோங்கியிருப்பதால், இது பெரும்பாலும் திறனைச் சார்ந்த ஆட்டமே என்று கூறியது. ஆனால் ரேஸ் கோர்ஸுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் திறனைப் பயன்படுத்துவதே இல்லை. பெயர் பிடித்திருக்கிறது என்றோ, பக்கத்தில் நின்றவர் காதோடு ஒரு டிப்ஸ் சொன்னார் என்றோ டிக்கெட் எடுப்பவருக்கு அது வெறும் அதிர்ஷ்டம்தான். ஒரு பெரிய ரேஸுக்கு முன் அந்த மதிப்பீட்டை முறையாகச் செய்வது எப்படி, செய்த பிறகு பணம் வைக்கலாமா கூடாதா என்பதை எப்படி முடிவு செய்வது என்பதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

எடுத்துக்காட்டாக, மும்பை மகாலட்சுமி மைதானத்தில் பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையன்று வழக்கமாக நடைபெறும் இந்தியன் டெர்பியை எடுத்துக்கொள்கிறேன். 1943-இல் தொடங்கிய இந்த ரேஸ்தான் நம் நாட்டுக் குதிரைகளுக்கு உச்சம். தென்னிந்திய டெர்பியைக் கிண்டியிலேயே கம்பியோரம் நின்று பார்த்துப் பழகிய என் போன்றவர்களுக்கு, 2024 செப்டம்பரில் 160 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்து கையகப்படுத்தியது இன்னும் நெஞ்சில் தைக்கிறது. வேளச்சேரிப் பக்கம் ஐந்து பர்லாங் சாலை என்று ஒரு சாலையின் பெயரிலேயே குதிரை ஓடும் தூரத்தை வைத்திருக்கிற ஊர் இது. இருந்தாலும் இங்கே கற்ற முறை எந்த ஊர் ரேஸுக்கும் பொருந்தும்.

நிபந்தனைகளை முதலில் படியுங்கள்

குதிரைகளின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த ரேஸ் எந்த நிபந்தனையில் ஓடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியன் டெர்பி 2400 மீட்டர். நான்கு வயதுக் குதிரைகளுக்கு மட்டும் உரியது. ஆண் குதிரைகள் 57 கிலோவும், பெண் குதிரைகள் 55.5 கிலோவும் சுமக்கும். இந்த மூன்று தகவல்களுமே மதிப்பீட்டின் போக்கை மாற்றக்கூடியவை.

வாரந்தோறும் நடக்கும் ஹேண்டிகேப் ரேஸ்களில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் இருக்கும். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் திறமையான குதிரைக்குக் கூடுதல் எடையை ஏற்றி, பலவீனமானதற்கு எடையைக் குறைத்து, எல்லாக் குதிரைகளுக்கும் ஏறத்தாழ ஒரே வாய்ப்பு கிடைக்கும்படி செய்வார்கள். டெர்பியில் அப்படி இல்லை. ரேட்டிங் 110 உள்ள குதிரையும் 90 உள்ள குதிரையும் அங்கே ஒரே எடையோடு நிற்கும். அதே இரண்டு குதிரைகள் ஹேண்டிகேப்பில் சந்தித்தால் முதலாவது 10 கிலோ அதிகம் சுமந்திருக்கும். ஆகவே டெர்பி போன்ற ரேஸில் ரேட்டிங்கில் மிகவும் பின்தங்கிய குதிரை வெல்ல வேண்டுமானால், அது இதுவரை காட்டாத முன்னேற்றத்தை அன்று காட்டியாக வேண்டும். குறைந்த எடையில் ஹேண்டிகேப்பை வாரிக்கொண்டு போன குதிரையைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஆண்டுதோறும் தவறுவது இந்த இடத்தில்தான்.

பெண் குதிரைக்குக் கிடைக்கும் ஒன்றரைக் கிலோ சலுகையையும் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இந்தத் தூரத்தில் அது ஏறக்குறைய இரண்டு குதிரை நீளத்துக்குச் சமம் என்று கணக்கிடலாம். பெண் குதிரைகளுக்கு மட்டுமே உரிய இந்தியன் ஓக்ஸ் ரேஸில் 2400 மீட்டரைத் தெம்போடு முடித்த குதிரை டெர்பிக்கு வந்தால், அதன் பெயருக்கு நேரே நான் எப்போதும் ஒரு கோடு போட்டு வைப்பேன். 2010-இல் ஜாக்குலின் என்ற பெண் குதிரை ஆண் குதிரைகளைப் பின்தள்ளி டெர்பியை வென்றது.

வயதைப் பற்றியும் ஒரு சொல். இந்தியாவில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. ஜனவரியில் பிறந்ததும் மே மாதத்தில் பிறந்ததும் காகிதத்தில் ஒரே வயதுதான். ஆனால் டெர்பி நாளன்று பின்னது இன்னும் முழு நான்கு வயதை எட்டியிருக்காது. தாமதமாகப் பிறந்த குதிரை டிசம்பரில் சுமாராக ஓடி, ஜனவரியில் சட்டென்று தேறியிருந்தால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் வளர்ச்சி என்றே நான் படிப்பேன். பிறந்த தேதியைக் குதிரையின் வம்சாவளிக் குறிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஓட்டங்களைப் படிக்கும் முறை

ரேஸ் புக்கைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. முந்தின நாள் மாலையே புத்தகத்தை வாங்கி வந்து, கூடத்துத் தரையில் பாய் விரித்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒவ்வொரு குதிரையின் கடைசி ஐந்து ஓட்டங்களுக்கும் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் போடுவார். வந்த இடத்தை அவர் கடைசியாகத்தான் பார்ப்பார். “எத்தனையாவதா வந்துச்சுன்னு கேக்காதடா, யாரோட ஓடி எப்படி வந்துச்சுன்னு கேளு” என்பார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நடைமுறையில் இதைச் செய்வது இப்படி. ஒரு குதிரையின் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, அந்த ரேஸில் அதற்கு முன்னும் பின்னும் வந்த குதிரைகள் அதற்குப் பிறகு என்ன செய்தன என்று தேடுங்கள். நீங்கள் பார்க்கும் குதிரை நான்காவதாக வந்த ரேஸிலிருந்து, பின்னர் மூன்று குதிரைகள் நல்ல தரத்தில் வெற்றி பெற்றிருந்தால், அந்த நான்காம் இடம் வேறோர் எளிய ரேஸின் முதல் இடத்தைவிட மதிப்புள்ளது. டிசம்பரில் மும்பையில் 1600 மீட்டரில் நடக்கும் கின்னீஸ் ரேஸ்கள் டெர்பிக்கு முக்கியமான ஒத்திகை. பெங்களூர், ஐதராபாத், கொல்கத்தா, சென்னை டெர்பிகளில் ஓடிய குதிரைகளும் வந்து சேரும். வெவ்வேறு ஊர்களின் ஓட்டங்களை ஒப்பிட, இரண்டு ஊரிலும் ஓடிய பொதுவான ஒரு குதிரையைக் கண்டுபிடித்து அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். ரேஸ் முடிந்த மொத்த நேரம் பாதிக் கதையைத்தான் சொல்லும். இரண்டு 1600 மீட்டர் ரேஸ்கள் நடந்தன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் முதல் 1000 மீட்டர் 64 விநாடியும் கடைசி 600 மீட்டர் 35 விநாடியும் ஆகி, மொத்தம் 1 நிமிடம் 39 விநாடி. இரண்டாவதில் முதல் பகுதி 60 விநாடி, கடைசிப் பகுதி 38 விநாடி, மொத்தம் 1 நிமிடம் 38 விநாடி. மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதே சிறந்தது என்பார். ஆனால் முதல் ரேஸில் வேகம் மந்தமாக இருந்ததால் முன்னால் போன குதிரைகளுக்கு மூச்சு மிச்சமிருந்தது. அப்படிப்பட்ட ரேஸில் பின்னாலிருந்து வந்து ஒரு நீளத்தில் தோற்ற குதிரை உண்மையில் அசாத்தியமாக ஓடியிருக்கிறது. இரண்டாவதில் முன்னால் ஓடியவை தம்மைத் தாமே எரித்துக்கொண்டன. பின்னாலிருந்து வந்து வென்ற குதிரைக்கு அந்த வெற்றி பாதி இனாமாகக் கிடைத்தது. இந்தப் பகுதி நேரங்களைப் பார்க்காமல் ஒரு பெரிய ரேஸுக்கு முடிவெடுப்பது, சோற்றை ஒரு பருக்கைகூட நசுக்கிப் பார்க்காமல் வடிப்பது போன்றது.

காணொளி கிடைத்தால் ஒவ்வொரு ஓட்டத்தையும் இருமுறை பாருங்கள். முதல்முறை வென்ற குதிரையை; இரண்டாம்முறை நீங்கள் ஆராயும் குதிரையை மட்டும். வழி அடைபட்டதா, வளைவில் வெளிப்பக்கமாக அகலச் சுற்ற நேர்ந்ததா, ஜாக்கி சாட்டையை எடுத்த பிறகு வேகம் கூடியதா, அல்லது தலையைத் தூக்கிக்கொண்டு மறுத்ததா என்பதெல்லாம் எண்களில் வராது.

2400 மீட்டர் என்ற பெரிய கேள்வி

டெர்பியில் வந்து நிற்கும் குதிரைகளில் பல அதற்கு முன் 2400 மீட்டர் ஓடியதே இல்லை. அதனால்தான் இந்த ரேஸ் அறிவுக்கு விருந்தாகிறது. 1600 மீட்டரில் மின்னலாகப் பாய்ந்த குதிரை, கடைசி 400 மீட்டரில் கால் கனத்துத் தடுமாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் பணத்தோடும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கிண்டியில் ஒரு பெரிய ரேஸன்று, தொடர்ந்து நான்கு ரேஸ்களை வென்ற ஒரு குதிரையின் மேல் அந்த மாதத்துச் சேமிப்பில் பெரும்பகுதியை வைத்தேன். அந்த நான்கு வெற்றிகளும் 1400 மீட்டருக்குள் வந்தவை என்பது என் கையிலிருந்த புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. நேர்ப்பாதைக்குள் முதலில் திரும்பியது என் குதிரைதான். இலக்குக்கு 200 மீட்டர் இருக்கும்போது அதன் கழுத்து மேலும் கீழும் ஆடத் தொடங்கியது; ஒவ்வொரு எட்டும் குறுகியது; ஐந்து குதிரைகள் அதைத் தாண்டிப் போயின.

தூரத்தைத் தாங்குமா என்பதைக் கணிக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, 1800 அல்லது 2000 மீட்டரில் அது முடித்த விதம். இலக்கைத் தாண்டிய பிறகும் காதுகளை முன்னே நீட்டிக்கொண்டு ஓடுகிற குதிரைக்கு இன்னும் தூரம் வேண்டியிருக்கிறது. இலக்கிலேயே எட்டு குறுகும் குதிரைக்கு அதுவே எல்லை. இரண்டு, அதன் தகப்பன் குதிரையின் வாரிசுகளும், தாய் வயிற்றில் பிறந்த மற்றக் குதிரைகளும் எந்தத் தூரத்தில் வென்றிருக்கின்றன என்பது. தகப்பனை எல்லாரும் பார்க்கிறார்கள். தாய்வழியைப் பார்க்கிறவர் குறைவு, என் அனுபவத்தில் பதில் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மூன்று, சுபாவம். தொடக்கத்திலேயே கடிவாளத்தை இழுத்துக்கொண்டு, ஜாக்கியின் கைகளோடு மல்லுக்கட்டும் குதிரை, எவ்வளவு நல்ல வம்சமானாலும், நீண்ட தூரத்துக்குரிய சக்தியை முதல் 800 மீட்டரிலேயே செலவழித்துவிடும்.

தரை, ஜாக்கி, பயிற்சி

தரையின் கெட்டியைப் பெனட்ரோமீட்டர் அளவாக ரேஸ் நாளன்று அறிவிப்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஊறிய நவம்பர், டிசம்பர் கிண்டித் தரையில் நன்றாக ஓடிய குதிரை, பிப்ரவரி மும்பையின் காய்ந்த தரையில் அதேபோல ஓடும் என்று எண்ணிவிட வேண்டாம். குதிரையின் பழைய ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைய தரை எப்படி இருந்தது என்று எழுதி வைத்தால், சில குதிரைகளின் “மோசமான” ஓட்டங்களுக்குக் காரணம் தானாகவே தெரியும்.

ஜாக்கியைப் பொறுத்தவரை, பெரிய ரேஸின் நெருக்கடியைத் தாங்கிய அனுபவத்துக்கு விலை உண்டு. பெசி ஷ்ராஃப் ஜாக்கியாக மட்டும் இந்தியன் டெர்பியை 8 முறை வென்றார். பிறகு டிரெய்னராகவும் வென்றார். வேகத்தைக் கணித்து, எப்போது காத்திருக்க வேண்டும் எப்போது பாய வேண்டும் என்று முடிவெடுக்கும் ஆற்றல் அப்படிப்பட்டவர்களுக்கு இருக்கிறது. இதில் பயனுள்ள குறிப்பு ஒன்று: ஒரே டிரெய்னரின் இரண்டு குதிரைகள் ஓடும்போது, தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள முதன்மை ஜாக்கி எதில் ஏறுகிறார் என்று கவனியுங்கள். தினமும் காலையில் இரண்டின் முதுகிலும் உட்கார்ந்து பார்த்தவர் அவர்தான். ஆனால் குதிரை உரிமையாளரின் ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போட்டிருக்கவும் கூடும் என்பதால், இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அதிகாலைப் பயிற்சி நேரங்கள் வெளியாகும்போது, குதிரை எத்தனை விநாடியில் ஓடியது என்பதைவிட, தன்னுடன் ஓடிய குதிரையை எவ்வளவு எளிதாகத் தாண்டியது என்ற குறிப்பே முக்கியம். மாக் ரேஸ் என்னும் ஒத்திகை ஓட்டத்தில் பிரமாதமாக ஓடி, ரேஸ் நாளன்று ஏமாற்றும் குதிரைகள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தத் தகவலுக்கு என் கணக்கில் சிறிய இடம்தான்.

ஓட்டம் எப்படி நடக்கும் என்று வரைந்து பாருங்கள்

இதுவரை தனித்தனியாகப் பார்த்த குதிரைகளை இப்போது ஒரே பாதையில் நிறுத்த வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில், முதல் 400 மீட்டர் முடிந்ததும் யார் முன்னால், யார் நடுவில், யார் கடைசியில் இருப்பார்கள் என்று குதிரை எண்களை எழுதுங்கள். பழைய ஓட்டங்களில் முன்னணிக்குப் போனவை எத்தனை? ஒன்றே ஒன்றுதான் என்றால், அது யாருடைய தொந்தரவும் இல்லாமல் தன் இஷ்டத்துக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும். எல்லாரும் குறைத்து மதிப்பிட்ட முன்னோடிக் குதிரை பெரிய ரேஸைத் திருடிக்கொண்டு போவது இப்படித்தான். நான்கைந்து குதிரைகள் முன்னணிக்கு அடித்துக்கொள்ளும் என்றால், பின்னால் பொறுமையாகக் காத்திருக்கும் குதிரையின் வாய்ப்பு கூடும்.

2022-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. முன்னணிக் குதிரைகள் முதல் கால் மைலை 22 விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்து, கண்மூடித்தனமான வேகத்தில் போயின. கடைசி நேரத்தில் வேறொரு குதிரை விலகியதால் மட்டுமே இடம் கிடைத்த ரிச் ஸ்ட்ரைக், 80-க்கு-1 விலையில், அதாவது ஒன்று வைத்தால் எண்பது லாபம் என்ற கணக்கில், நின்றது. களைத்துப்போன குதிரைகளுக்கு நடுவே உள்பக்கமாக நுழைந்து அது வென்றது. அந்தக் குதிரையைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் முன்னால் ஓடுபவை தாங்காது என்பதை மட்டும், வரைபடம் போட்ட ஒருவர் முன்கூட்டியே எழுதியிருக்க முடியும்.

புளியங்கொட்டைக் கணக்கு

இப்போது மதிப்பீட்டை எண்ணாக மாற்ற வேண்டும். நான் இதை 100 புளியங்கொட்டைகளை வைத்துச் செய்கிறேன். 14 குதிரைகள் என்றால், தரையில் 14 பெயர்ச் சீட்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கொட்டை என்று பிரித்து வைப்பேன். மொத்தம் 100-ஐத் தாண்ட வழியில்லை என்பதுதான் இதன் சிறப்பு. ஒரு குதிரையின் மேல் ஆசை வந்து 5 கொட்டை கூடுதலாக வைக்க வேண்டுமானால், வேறொன்றிடமிருந்து எடுத்தாக வேண்டும்; எடுக்கும்போது கை தயங்குகிறது; அந்தத் தயக்கத்தில்தான் உண்மையான சிந்தனை நடக்கிறது. புக்கிகளின் விலையையோ பத்திரிகைக் கணிப்பையோ பார்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். விலையைப் பார்த்த பிறகு வைக்கும் கொட்டைகள் உங்களுடையவை ஆகா.

அதன் பிறகு விலைகளை அதே அளவுக்கு மாற்றுங்கள். 3-க்கு-1 என்றால் நான்கில் ஒன்று, அதாவது 25 கொட்டை. ஈவன் மணி, அதாவது 1-க்கு-1, என்றால் 50. 5-க்கு-1 என்றால் ஏறத்தாழ 17. எல்லாக் குதிரைகளின் விலையையும் இப்படி மாற்றிக் கூட்டினால் 100-க்கு மேல் வரும். எட்டுக் குதிரைகள் முறையே ஈவன், 3, 5, 8, 12, 20, 20, 33 என்ற விலைகளில் நின்றால், கூட்டுத்தொகை 123 ஆகிறது. அந்த 23 தான் புக்கியின் பங்கு. யார் வென்றாலும் அவர் கை நிறையும்படி விலைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதை இந்த ஒரு கூட்டல் காட்டிவிடும்.

புக்கியிடம் போகாமல் ரேஸ் கிளப்பின் டோட் கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் கணக்கு வேறு. அங்கே டிக்கெட் வாங்கியவர்களின் பணம் முழுவதும் ஒரே தொட்டியில் சேர்கிறது. கழிவு போக மிச்சம் வென்ற டிக்கெட்டுகளுக்குப் பங்கிடப்படுகிறது. உங்களுக்குக் கிடைக்கும் தொகை, விற்பனை முடியும் வரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எல்லாரும் விரும்பும் குதிரையில் நீங்களும் சேர்ந்தால், உங்கள் பங்கை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள்.

வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கான ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்கு முன் 28 சதவீதமாக இருந்தது. அது லாபத்தின் மேல் விதிக்கப்படுவதில்லை, நீங்கள் வைக்கும் பந்தயத் தொகை முழுவதன் மேலும் விதிக்கப்படுகிறது.

100 ரூபாய்ப் பந்தயத்தோடு 40 ரூபாய் வரியும் சேர்ந்து உங்கள் பையிலிருந்து 140 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈவன் மணிக் குதிரை வென்றால் திரும்ப வருவது 200. கைக்காசு கரையாமல் இருக்க வேண்டுமானால் அந்தக் குதிரை 100-க்கு 70 முறை வெல்ல வேண்டும். அதாவது, 70 கொட்டை வைக்கத் தகுந்த குதிரையாக இருக்க வேண்டும். டெர்பி போன்ற ரேஸில் எந்தக் குதிரைக்கும் நான் 70 கொட்டை வைத்ததில்லை. இன்னொன்றைப் பாருங்கள். ஒரு குதிரைக்கு நீங்கள் 20 கொட்டை வைத்திருக்கிறீர்கள். அதன் நியாய விலை 4-க்கு-1. புக்கி தாராளமாக 6-க்கு-1 தருகிறார். வென்றால் 700 வரும். ஐந்தில் ஒருமுறை வெல்லும் என்பதால் சராசரியாக 140. நீங்கள் போட்டதும் 140. உங்கள் கணிப்பு துல்லியமாகவும் புக்கியின் கணிப்பு பெரும் பிழையாகவும் இருந்தால்கூட, கிடைப்பது வட்டியில்லாத முதல் மட்டும்தான்.

இதற்கு மேல், பந்தயத்தில் வென்ற தொகைக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. ஒரே பந்தயத்தில் 10,000 ரூபாயைத் தாண்டிய வெற்றித் தொகை என்றால் பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் தோற்ற பணத்தை இந்த வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இன்றைய வரி நிலையில், தொடர்ந்து பந்தயம் வைத்துப் பணம் சேர்க்க முடியும் என்று சொல்கிறவர் எவரையும் நம்பாதீர்கள். மதிப்பீட்டை முழுமையாகச் செய்த பிறகு, பத்து பெரிய ரேஸில் எட்டு ரேஸுக்கு டிக்கெட் வாங்காமல் இருப்பதே சரியான தேர்வாக அமையும். மிச்சமுள்ள இரண்டில், நீங்கள் வைத்த கொட்டைகளுக்கும் விலைக்கும் இடையே வெகு தூரம் இருக்கும்போது, குடும்பத்தோடு ஒருநாள் வெளியே போய் வரும் செலவாக எண்ணக்கூடிய தொகையை, அது திரும்பி வராது என்ற எண்ணத்தோடு வைக்கலாம். கடன் வாங்கியோ, வீட்டுச் செலவிலிருந்து எடுத்தோ, முந்தின ரேஸில் விட்டதைப் பிடிக்கவோ வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற ரேஸ் கிளப்பின் கவுண்டருக்கு வெளியே, தெருமுனைப் புக்கியிடமோ கைபேசிச் செயலியிலோ பணம் கட்டுவதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, அது சட்டப் பிரச்சினையிலும் கொண்டுபோய் விடும். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை என்ற நிலை வந்துவிட்டால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

எந்த டிக்கெட்

பந்தய வகைகளில் எளியது வின். குதிரை முதலில் வர வேண்டும். பிளேஸ் டிக்கெட்டுக்கு, ஓடும் குதிரைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும். 12 கொட்டை வைத்த, ஆனால் மோசமான ஓட்டமே இல்லாத நிதானமான குதிரைக்குப் பிளேஸ் பொருந்தும். ஒன்று வெல்லும் அல்லது கடைசியில் வரும் என்ற வகைக் குதிரைக்கு வின் மட்டுமே.

குவினெல்லாவில் முதல் இரண்டு குதிரைகளை எந்த வரிசையிலாவது சொன்னால் போதும்; டனாலாவில் முதல் மூன்றை வந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். 14 குதிரைகள் ஓடினால் குவினெல்லாவில் 91 சேர்க்கைகள், டனாலாவில் 2184. நான்கு குதிரைகளை எல்லா வரிசையிலும் எடுத்தாலே 24 டிக்கெட். பெரிய தொகை கிடைத்தது என்று செய்தி வருவது இந்தப் பந்தயங்களில்தான் என்பதால் கூட்டம் அங்கே சாய்கிறது. ஓட்டத்தின் வேகத்தைப் பற்றி உங்களுக்கு உறுதியான கருத்து இருந்து, அதனால் பலரும் ஒதுக்கிய இரண்டு குதிரைகள் முன்னுக்கு வரும் என்று தோன்றினால் குவினெல்லாவில் ஒரு சிறு டிக்கெட் எடுக்கலாம். ஐந்து ரேஸ்களின் வெற்றியாளர்களைத் தொடர்ந்து சொல்ல வேண்டிய ஜாக்பாட்டைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பேடாக்கில் கடைசி இருபது நிமிடங்கள்

தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குக் கிடைக்காத பாக்கியம் பேடாக். சேணம் பூட்டிய குதிரைகளைப் பராமரிப்பாளர்கள் வட்டமாக நடத்தி வரும்போது, முதல் சுற்றில் எந்தக் குதிரையின் எண்ணையும் பார்க்காமல் நடையை மட்டும் பாருங்கள். நலமான குதிரையின் பின்கால் குளம்பு, முன்கால் பதிந்த தடத்தைத் தாண்டி ஒரு சாண் முன்னால் போய் விழும். எட்டு குறுகி, தடத்துக்குள்ளேயே விழுந்தால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. முடி, எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையின் உடம்பு போல வெயிலில் மின்ன வேண்டும். விலாவில் கடைசி இரண்டு எலும்புகளின் கோடு லேசாகத் தெரிவது நல்ல பயிற்சிக்கு அடையாளம். வயிறு தளர்ந்து தொங்கினால் இன்னும் ஓர் ஓட்டம் தேவைப்படுகிறது.

வியர்வையைப் பற்றித் தவறான கருத்துகள் அதிகம். கழுத்தில் மெல்லிய ஈரம் இருப்பது நம் வெயிலுக்கு இயல்பு. பின்கால்களுக்கு இடையில் சோப்பு நுரை போல வெள்ளையாகத் திரண்டு, அதோடு குதிரை தலையை உதறிக்கொண்டே பக்கவாட்டில் நடந்தால், 2400 மீட்டருக்கான சக்தி அங்கேயே ஒழுகிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட குதிரையிடமிருந்து நான் 5 கொட்டையாவது எடுத்துவிடுவேன். முதல் தடவையாகக் கண்மறைப்பு மாட்டியிருக்கிறதா, நாக்கைக் கட்டியிருக்கிறார்களா என்பதையும், உடல் எடை அறிவிக்கப்பட்டால் முந்தின வெற்றியின்போது இருந்த எடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணால் கண்டதை வைத்து ஒரு குதிரையை விலக்குவது பெரும்பாலும் சரியாக வரும். அழகாக இருக்கிறது என்பதற்காகப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது அவ்வளவு சரியாக வந்ததில்லை.

ஓட்டம் முடிந்த பிறகு

முடிவு உறுதியாக அறிவிக்கப்படும் வரை எந்த டிக்கெட்டையும் கிழித்துப் போடாதீர்கள். 2019 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மேக்ஸிமம் செக்யூரிட்டி, மற்றக் குதிரைகளின் வழியில் குறுக்கிட்டதாக இருபது நிமிடத்துக்கும் மேலாக நடந்த விசாரணைக்குப் பிறகு 17-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 65-க்கு-1 விலையில் இருந்த கன்ட்ரி ஹவுஸ் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் எத்தனை டிக்கெட்டுகள் தரையில் கிடந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், கொட்டைக் கணக்கை எழுதிய தாளையும் பகுதி நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே சரியாகக் கணித்தோம், எங்கே பிசகினோம் என்று எழுதுங்கள். வென்ற குதிரைக்கு 4 கொட்டை மட்டும் வைத்திருந்தால், அது ஏன் என்று தேடுங்கள்: தூரமா, தரையா, வேகமா? வழி அடைபட்டு நான்காவதாக வந்த குதிரையின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் இன்விடேஷன் கோப்பைக்கு நாட்டின் சிறந்த குதிரைகள் மறுபடியும் கூடும். அன்று அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால், இந்தத் தாளை எடுத்துப் பாய் விரித்து உட்காருங்கள்.